உறையாத குருதி: அஸ்ஸஹ்ராவியின் குறிப்பு முதல் வேலூர் ஆய்வு வரை

அந்தலூஸின் தலைநகராகிய குர்துபாவுக்கு அருகே, ஹி. 325 (கி.பி. 936) அளவில், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் மதீனதுஸ் ஸஹ்ரா என்னும் நகரை எழுப்பத் தொடங்கினார். அந்நகரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக் கொண்ட வைத்திய மேதை அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 1000 அளவில் அவர் எழுதி முடித்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பகுதிகளைக் கொண்ட மருத்துவக் களஞ்சியம் ஆகும். அதன் இறுதிப் பகுதி அறுவை வைத்தியத்தைப் பற்றியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய வைத்தியர்களின் கையேடாகப் பல நூற்றாண்டுகள் விளங்கியது. ஆகவே அஸ்ஸஹ்ராவி என்றதும், அவர் வரைந்து காட்டிய அறுவைக் கருவிகளே நம் நினைவுக்கு வருகின்றன.

அதே நூலில் அதிகம் பேசப்படாத சிறு குறிப்பொன்றும் உள்ளது. ஒரு கிராமத்து ஆண்கள் தமக்கு நேரும் துன்பத்தை அவரிடம் எடுத்துரைத்தனர். அவர்களில் எவருக்கேனும் காயம் ஏற்பட்டால் குருதி நிற்காமல் வழிந்து அவர் இறந்து விடுவார். சிறுவன் ஒருவனின் ஈறு தேய்க்கப்பட்டபோது கசிந்த குருதிகூட அவன் உயிரைக் கொண்டு சென்றது. இதைப் பதிவு செய்த அஸ்ஸஹ்ராவி, இந்நோயை அக்கிராமத்தைத் தவிர வேறெங்கும் தாம் கண்டதில்லை என்றும், முன்னோர் நூல்களில் இது பற்றிய குறிப்பு எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், இதன் காரணத்தைத் தாம் அறியவில்லை என்றும் எழுதினார். காயத்தை விரைந்து சூடிட்டுக் குருதியை நிறுத்தலாம் என ஒரு வழியைக் கூறிவிட்டு, அதனையும் தாம் சோதித்துப் பார்த்ததில்லை என ஒப்புக்கொண்டார்.

குருதி உறையாமை நோயைப் பற்றி வைத்தியர் ஒருவர் எழுதிய மிகப் பழைய விவரணைகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதனைக் கருதுகின்றனர். இன்று 'ஹீமோஃபீலியா' என அழைக்கப்படும் அந்நோய்க்கு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், வைரஸ்களையே மருந்தின் வாகனமாக்கும் மரபணுச் சிகிச்சை உருவாகியுள்ளது. இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. அறியாததை அறியேன் என்றும், தோற்றதைத் தோற்றேன் என்றும் ஒருவர் பதிவு செய்த இடங்களிலெல்லாம் இந்த அறிவு முன்னேறியது. உண்மை மறைக்கப்பட்ட இடங்களில் மனிதர் மாண்டனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல வினாக்களுக்கு 'லா அத்ரீ' என விடையளித்தார்கள் என்பதைப் பெருமையோடு பேசும் மரபினருக்கு இவ்வுண்மை புதிதன்று.

தாய்வழி வரும் நோய்

அஸ்ஸஹ்ராவியின் குறிப்பில் ஒரு நுட்பம் உண்டு. இறந்தோர் அனைவரும் ஆண்கள். ஏன் ஆண்கள் மட்டும் என்ற வினாவுக்கு அன்று விடையில்லை. ஆயினும் அந்நோய் குடும்பங்களில் எவ்வாறு நகர்கின்றது என்பதை யூத மார்க்க அறிஞர்கள் முன்னரே ஓரளவு கவனித்திருந்தனர். கத்னாவின் காரணமாக ஒரு தாயின் இரு ஆண் மக்கள் அடுத்தடுத்து இறந்தால், மூன்றாமவனுக்கு அதனைத் தவிர்க்கலாம் என்ற கருத்து தல்மூதில் இடம்பெற்றுள்ளது. குர்துபாவில் பிறந்து எகிப்தில் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவையைச் சார்ந்து வைத்தியம் புரிந்த மூஸா இப்னு மைமூன் (இறப்பு 1204) இச்சட்டத்தைத் தொகுத்தபோது, அக்குழந்தைகள் ஒரே கணவருக்குப் பிறந்திருப்பினும் வெவ்வேறு கணவருக்குப் பிறந்திருப்பினும் சட்டம் ஒன்றே என்றார். நோய் தாய் வழியே வருகின்றது என்ற அவதானம் இதில் உள்ளடங்கியுள்ளது.

இஸ்லாமிய மூலாதாரங்களிலும் மரபின் மறைவான ஓட்டத்தைச் சுட்டும் நிகழ்ச்சி ஒன்று பதிவாகியுள்ளது. தம் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றதால் ஐயுற்ற நாட்டுப்புற அரபி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவரது ஒட்டகங்களின் நிறங்களைப் பற்றி வினவிய நபியவர்கள், செந்நிற ஒட்டகங்களிடையே சாம்பல் நிறக் குட்டி எவ்வாறு தோன்றியது எனக் கேட்டார்கள். முன்னைய தலைமுறையின் ஏதோவொரு வேர் அதனை இழுத்திருக்கலாம் என்று அவர் கூற, அவருடைய மகனின் நிலையும் அவ்வாறே இருக்கலாம் என நபியவர்கள் உணர்த்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் இந்நிகழ்ச்சி, பெற்றோரிடம் வெளிப்படாத பண்பு பிள்ளையிடம் வெளிப்படலாம் என்பதையும், அதனைக் கொண்டு பெண்ணைப் பழிப்பது தவறு என்பதையும் ஒருங்கே போதிக்கின்றது.

நவீன ஆய்வு 1803 இல் தொடங்குகின்றது எனலாம். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வைத்தியர் ஜான் கொன்ராட் ஓட்டோ, அமெரிக்கக் குடும்பமொன்றின் வரலாற்றைப் பல தலைமுறைகள் பின்னோக்கித் தேடி, நோய் ஆண்களையே பீடிக்கின்றது என்றும், நோயற்ற பெண்களே அதனை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகின்றனர் என்றும் அவ்வாண்டில் வெளியிட்டார். காரணம் பின்னர் விளங்கியது. குருதி உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி ஆகிய புரதங்களுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. பெண்ணுக்கு அந்நிறமூர்த்தம் இரண்டு இருப்பதால், ஒன்று பழுதுற்றாலும் மற்றது பெரும்பாலும் ஈடுசெய்து விடுகின்றது. ஆணுக்கோ ஒன்றே உண்டு. எட்டாம் காரணியின் குறைபாடு ஹீமோஃபீலியா ஏ எனவும், ஒன்பதாம் காரணியின் குறைபாடு ஹீமோஃபீலியா பி எனவும் வழங்கப்படுகின்றன. முன்னையது ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுகின்றது. பின்னையது அதனினும் மிக அரிது.

நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் இந்நோயின் வரலாறே இருப்பதில்லை. மரபணுவில் புதிதாகத் தோன்றிய மாற்றமே அங்கு காரணமாகும். முஸ்லிம் குடும்பங்களில் சிறுவனின் கத்னாவின்போது குருதி நிற்காமல் போவதே நோய் முதன்முதலாக வெளிப்படும் தருணமாக அமைவதுண்டு. அத்தருணத்தில் தாயின் மீது சுமத்தப்படும் பழிக்கு அறிவியலிலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை. முதிய வயதில் இஸ்லாத்தைத் தழுவிய ஒருவர் கத்னாவினால் உயிராபத்தை அஞ்சினால் அக்கடமை அவரை விட்டு நீங்கும் என இப்னு குதாமா (இறப்பு ஹி. 620) 'அல் முஃக்னி'யில் எழுதியுள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது. நோயறிந்த சிறுவனுக்கு உரிய காரணியை முன்கூட்டியே செலுத்தி, பயிற்சி பெற்ற மருத்துவமனையில் அதனை நிறைவேற்றுவது இன்று இயலும்.

மருந்தே நஞ்சான காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காரணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடையாளம் காணப்பட்டன. 1952 இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஹீமோஃபீலியா பி தனியொரு நோய் என்பதை நிறுவினர். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி ஜூடித் பூல், உறைந்த குருதித் திரவத்தை மெல்ல உருகச் செய்தால் எட்டாம் காரணி செறிந்த படிவு எஞ்சுகின்றது என்பதைக் கண்டறிந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் தூளாக்கப்பட்ட செறிவு மருந்துகள் சந்தைக்கு வந்தன. வீட்டிலேயே ஊசியேற்றிக்கொள்ளும் வசதியை இம்மருந்துகள் அளித்தன.

ஆயின் அச்செறிவு மருந்து ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கானோரின் குருதியிலிருந்து திரட்டப்பட்டது. ஒருவரின் தொற்று அனைவருக்கும் பரவ வழியுண்டாயிற்று. 1970களிலும் 1980களிலும் மஞ்சட்காமாலை வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் இவ்வாறு பல நாடுகளில் நோயாளிகளின் உடலில் புகுந்தன. பிரித்தானியாவில் மட்டும் குருதி உறையாமை நோயுடைய ஏறத்தாழ 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். பெரும்பான்மையோர் இறந்து விட்டனர். இதனை விசாரித்த ஆணைக்குழு 2024 மே மாதம் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. இப்பேரிடரின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்றும், உண்மை பல்லாண்டுகள் மறைக்கப்பட்டது என்றும் அவ்வறிக்கை கண்டது. அஸ்ஸஹ்ராவியிடம் மருந்து இல்லை, ஆயினும் தாம் அறியாததை அவர் ஒளிக்கவில்லை. மருந்தைக் கையில் வைத்திருந்தோர் தாம் அறிந்ததை ஒளித்தனர்.

வைரஸ் சுமந்து வரும் மருந்து

ஒன்பதாம் காரணியின் மரபணு 1982 இலும் எட்டாம் காரணியின் மரபணு 1984 இலும் பிரித்தெடுக்கப்பட்டன. இவற்றைக் கொண்டு மனிதக் குருதியின் துணையின்றிக் காரணிகளை ஆய்வுகூடத்தில் உற்பத்தி செய்யும் வழி பிறந்தது. அதனுடன் மற்றொரு வினாவும் எழுந்தது. காரணியை வாரந்தோறும் ஊசியால் ஏற்றுவதற்குப் பதிலாக, அதனைத் தயாரிக்கும் மரபணுவையே நோயாளியின் உடலில் ஒருமுறை சேர்த்துவிட்டால் என்ன?

மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டு செல்வது எளிதன்று. அப்பணியைத் திறம்படச் செய்பவை வைரஸ்களே. வைரஸ் என்பது சாராம்சத்தில் புரத உறையொன்றினுள் மடித்து வைக்கப்பட்ட மரபுச் செய்தி. உயிரணுவினுள் நுழைந்து தன் செய்தியை அங்கு ஒப்படைப்பதே அதன் தொழில். அதன் தீய செய்தியை அகற்றிவிட்டு, உறையினுள் தேவையான மரபணுவை வைத்தால் நோய் பரப்புவது மருந்து சுமப்பதாக மாறும். இதுவே வைரஸ்வழி மரபணுச் சிகிச்சையின் அடிப்படை.

இக்கருத்தின் முதல் முயற்சி 1970 இல் நிகழ்ந்தது. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்ஃபீல்ட் ரோஜர்ஸ், பரம்பரை நொதிக் குறைபாட்டால் வருந்திய ஜெர்மானியச் சிறுமியருக்கு முயல்களில் காணப்படும் வைரஸ் ஒன்றைச் செலுத்தினார். பயன் விளையவில்லை. 1990 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில், நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த நான்கு வயதுச் சிறுமிக்கு முறையான அனுமதியுடன் மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதன்பின் எதிர்பார்ப்பு அறிவை முந்தி ஓடியது.

1999 செப்டம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனையில், கல்லீரல் நொதிக் குறைபாடுடைய 18 வயது இளைஞர் ஒருவர், அடினோவைரஸ் செலுத்தப்பட்ட நான்காம் நாளில் உயிரிழந்தார். முன்னர் தென்பட்ட பக்க விளைவுகள் உரிய முறையில் அறிவிக்கப்படவில்லை என்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விசாரணை வெளிப்படுத்தியது. மரபணுச் சிகிச்சைத் துறை முழுவதுமே இதனால் தளர்ந்தது.

பாரிஸில் அலேன் ஃபிஷரின் குழுவினர் நோயெதிர்ப்பின்றிப் பிறந்த ஆண் குழந்தைகளைக் குணப்படுத்தியதாக 2000 இல் அறிவித்தனர். 2002 இல் அக்குழந்தைகளில் சிலருக்குக் குருதிப் புற்றுநோய் தோன்றியது. அவர்கள் பயன்படுத்திய ரெட்ரோவைரஸ், நோயாளியின் மரபுச் சரத்தில் தகாத இடத்தில் சென்று பதிந்தமையே காரணம். ஃபிஷரின் குழு சிகிச்சையை நிறுத்தி, நடந்ததை வெளிப்படையாக அறிவித்தது. எந்த இடத்தில் பதிந்ததால் தீங்கு விளைந்தது என்பதையும் ஆராய்ந்து வெளியிட்டது. பாதுகாப்பான புதிய வாகனங்களை வடிவமைக்க அவ்வறிக்கையே வழிகாட்டியாயிற்று.

காதரீன் ஹையின் தோல்வியும் அமித் நத்வானியின் பொறுமையும்

ஹீமோஃபீலியா ஆய்வாளர் நாடியது ஏ.ஏ.வி. எனச் சுருக்கி வழங்கப்படும் சிறு வைரஸை. 1965 இல் கண்டறியப்பட்ட இது மனிதரில் எந்நோயையும் தோற்றுவிப்பதாக அறியப்படவில்லை. இது பெரும்பாலும் நோயாளியின் மரபுச் சரத்தில் பதியாமல் உயிரணுக் கருவினுள் தனித்து நிற்கின்றது. கல்லீரல் உயிரணுக்கள் மெதுவாகவே பிரிவதால், அங்கு அது நெடுங்காலம் தங்கி மரபணுவை இயக்க இயலும். ஆயினும் அதன் உறை மிகச் சிறியது. மரபு எழுத்துகளில் கணக்கிட்டால் ஏறத்தாழ 4,700 எழுத்துகளே அதில் அடங்கும். ஒன்பதாம் காரணிக்கு வேண்டியவை சுமார் 1,400. எட்டாம் காரணிக்கோ சுமார் 7,000. ஆகவே ஹீமோஃபீலியா பி நோயே முதலில் இலக்காயிற்று.

ஃபிலடெல்ஃபியா சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த காதரீன் ஹை, நாய்களில் இச்சிகிச்சை நெடுங்காலம் பயனளிப்பதைக் காட்டியிருந்தார். அவரது குழுவினர் மனிதரில் மேற்கொண்ட பரிசோதனையின் முடிவை 2006 இல் வெளியிட்டனர். நோயாளி ஒருவரின் குருதியில் ஒன்பதாம் காரணி இயல்பான அளவின் பத்து விழுக்காட்டைத் தாண்டியது. சில வாரங்களில் அது வீழ்ந்து முன்னைய நிலைக்கே திரும்பியது. எந்த விலங்கிலும் காணப்படாத விளைவு இது. ஹை இதனை மறைக்கவில்லை. வைரஸின் உறையை அடையாளம் கண்ட நோயாளியின் எதிர்ப்பு உயிரணுக்கள், மருந்தைத் தாங்கிய கல்லீரல் உயிரணுக்களையே அழித்தன என்ற விளக்கத்தை முன்வைத்து, தோல்வியை முழு விவரத்துடன் அச்சிட்டார்.

அத்தோல்வியைப் பாடமாகக் கொண்டவர்களுள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் குருதியியல் பேராசிரியர் அமித் நத்வானி முதன்மையானவர். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து புனித ஜூட் மருத்துவமனையின் ஆர்தர் நீன்ஹியூஸ், ஆண்ட்ரூ டேவிடாஃப் ஆகியோருடன் இணைந்து அவர் பல்லாண்டுகள் உழைத்தார். குரங்குகளில் கண்டெடுக்கப்பட்ட ஏ.ஏ.வி. எட்டு என்னும் வகையை அவர்கள் தேர்ந்தனர். மனிதர் பலரிடம் அதற்கெதிரான எதிர்ப்பொருள் குறைவு. கல்லீரலை அது விரைந்து சென்றடைகின்றது. கையின் நரம்பு வழியே செலுத்தினாலே போதும். எதிர்ப்பு எழும் அறிகுறி தெரிந்தவுடன் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து அதனை அடக்கலாம் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி.

2011 டிசம்பரில் முதல் ஆறு நோயாளிகளின் விவரம் வெளியாயிற்று. அவர்களின் ஒன்பதாம் காரணி இயல்பான அளவில் 2 முதல் 11 விழுக்காடு வரை உயர்ந்திருந்தது. அவர்களில் நால்வர் வழமையான ஊசிகளை முற்றாக நிறுத்தினர். இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவரே கடும் நோயாளி எனப்படுகின்றார். காரணமின்றி மூட்டுகளில் குருதி கசிந்து காலப்போக்கில் முடமாகும் ஒருவர், சில விழுக்காடு பெற்றவுடன் நடமாடவும் உழைக்கவும் இயன்றவராகின்றார். பத்து நோயாளிகளைப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த முடிவு 2025 இல் வெளியாயிற்று. காரணியின் அளவு நிலைத்திருந்தது. பத்தில் எழுவருக்கு வழமையான ஊசி தேவைப்படவில்லை.

இவ்வழியில் உருவான மருந்துகளுள் ஒன்றாகிய 'ஹெம்ஜெனிக்ஸ்' 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 35 லட்சம் டாலர்.

வேலூரில் நிகழ்ந்தது

ஹீமோஃபீலியா ஏ நோயே மிகுதியானது என்றும், அதற்குரிய மரபணு ஏ.ஏ.வி.யின் உறைக்குப் பெரிது என்றும் கண்டோம். மரபணுவின் இன்றியமையாத பகுதிகளை மட்டும் கொண்டு சுருக்கி அனுப்பும் மருந்தும் உருவானது. அதில் காரணியின் அளவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது தெரிய வந்தது. மேலும் சிறுவரின் கல்லீரல் வளர்ந்து கொண்டிருப்பதால் அங்கு தனித்து நிற்கும் மரபணு நீர்த்துப் போகலாம்.

தமிழகத்தின் வேலூரிலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழுவினர் வேறு வழியைத் தெரிந்தனர். ஹீமோஃபீலியா சிகிச்சைக்கான உலக வழிகாட்டி நெறிகளை வகுப்பதில் முன்னின்றவர் அவர். வசதி குறைந்த நாடுகளின் நோயாளிகளுக்கு இயன்ற சிகிச்சை எது என்பது அவர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த வினா. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளரின் ஒத்துழைப்புடன் நடந்த அந்த ஆய்வில், நோயாளியின் குருதியை உண்டாக்கும் குருத்தணுக்கள் அவரது உடலிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டன. லெண்டிவைரஸ் வழியாக அவற்றினுள் எட்டாம் காரணியின் மரபணு புகுத்தப்பட்டது. வலிய மருந்துகளால் எலும்பு மச்சை வெறுமையாக்கப்பட்ட பின்னர், திருத்தப்பட்ட அணுக்கள் நோயாளிக்கே திரும்ப ஏற்றப்பட்டன. அவற்றிலிருந்து தோன்றும் வெண்ணணுக்கள் காரணியைச் சுரக்கின்றன.

22 முதல் 41 வயது வரையிலான ஐவர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர். 2024 டிசம்பரில் முடிவு வெளியானபோது, அனைவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலத்தில் ஐவருள் எவருக்கும் குருதிக் கசிவு ஏற்படவில்லை. ஐவர் என்பது சிறு எண்ணிக்கை. மச்சையை வெறுமையாக்கும் மருந்துகளின் சுமையும் இலேசானதன்று. மரபுச் சரத்தில் பதியும் வைரஸ் என்பதால் நீண்டகாலக் கண்காணிப்பு இன்றியமையாதது. பாரிஸின் பாடம் அது.

ஆய்வுகூடங்களில் இன்று பயன்படும் லெண்டிவைரஸ் வாகனங்கள் பெரும்பாலும் எச்.ஐ.வி.யிலிருந்து, அதன் நோய் தரும் பகுதிகளை நீக்கி, உருவாக்கப்பட்டவை. 1980களில் இந்நோயாளிகளைக் கொன்ற வைரஸின் குடும்பமே இன்று அவர்களுக்கு மருந்தைச் சுமந்து வருகின்றது.

ஃபிக்ஹின் பார்வையில் எழும் வினாக்கள்

இச்சிகிச்சை முஸ்லிம் உள்ளங்களில் இரு வினாக்களை எழுப்புதல் இயல்பு. முதலாவது, இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் செயலாகுமா என்பது. மக்காவில் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 1998 இல் கூடிய பதினைந்தாம் அமர்வில் இதனை ஆராய்ந்தது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் அதன் துன்பத்தைக் குறைக்கவும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம் என்றும், அதனால் அதனினும் பெரிய தீங்கு விளையக்கூடாது என்றும் அது தீர்மானித்தது. மனித இனத்தை மேம்படுத்துவதாகக் கூறி மரபமைப்பில் தலையிடுவதை அது தடை செய்தது. இக்கட்டுரையில் கண்ட சிகிச்சைகள் முன்னைய வகையின. அவை கல்லீரலையோ எலும்பு மச்சையையோ இலக்காகக் கொள்பவை, சந்ததியை மாற்றும் நோக்குடையவை அல்ல. ஆகவே சிகிச்சை பெற்ற ஆணின் புதல்வியர் அனைவரும் பழுதுற்ற மரபணுவைச் சுமப்போராகவே இருப்பர். திருமண வயதில் அவர்கள் இதனை அறிந்திருப்பது அவசியம்.

இரண்டாவது வினா நுட்பமானது. வேலூர் ஆய்வில் பயன்பட்ட எட்டாம் காரணி கலப்பு வகையானது. மனித வரிசையின் சில பகுதிகளுக்குப் பதிலாகப் பன்றியின் காரணியிலுள்ள வரிசை அதில் இடம்பெற்றுள்ளது. அவ்வரிசை அமைந்த காரணியை உயிரணுக்கள் மிகுதியாகச் சுரக்கின்றன என்பதே காரணம். நோயாளியின் உடலில் ஏற்றப்படுவது பன்றியின் குருதியோ தசையோ அன்று. அவருடைய சொந்த உயிரணுக்களே, புதிய செய்தியொன்றைத் தாங்கி மீளுகின்றன. எனினும் அச்செய்தியின் மூலம் எது என்பதை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு.

ஃபுகஹாக்கள் இத்தகைய விடயங்களை இரு வழிகளில் அணுகுவர். ஒன்று 'இஸ்திஹாலா', அதாவது ஒரு பொருள் தன் இயல்பு முற்றாக மாறி வேறொன்றாதல். 1995 இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு கூட்டிய கருத்தரங்கு இக்கோட்பாட்டை மருந்துகள் விடயத்தில் விரிவாக ஏற்றது. ஹனஃபி மத்ஹபில் இதற்கு அகன்ற இடமுண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்களில் பெருந்தொகையினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இதன் எல்லை குறுகியது. மற்றையது 'ளரூரா' என்னும் இன்றியமையாமை. நம்பகமான வைத்தியரின் கூற்றுப்படி மாற்று மருந்து இல்லாத நிலையில், தேவையின் அளவுக்கு மட்டும் அது சலுகையளிக்கின்றது. மாற்று ஒன்று கைக்கெட்டும்போது அச்சலுகை சுருங்குகின்றது. தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் வைத்தியரிடமிருந்து முழு உண்மையையும் பெறாமல் எந்த ஆலிமும் சரியான தீர்ப்பை அடைய இயலாது என்பது தெளிவு.

எஞ்சியுள்ள அமானிதம்

எந்நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை அருளியே உள்ளான் என்ற நபிமொழியை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றோம். நிவாரணம் அருளப்பட்டிருப்பது ஒன்று, அதனைத் தேடியடைவது மற்றொன்று. தேடியடைந்ததை வறியவரின் கையில் சேர்ப்பது மூன்றாவது. 35 லட்சம் டாலர் விலையுள்ள மருந்து, உலகின் பெரும்பாலான நோயாளிகளுக்கு இல்லாத மருந்துக்கு ஒப்பாகும். தென்னிந்திய மருத்துவமனை ஒன்றில் ஐவருக்கு நிகழ்ந்த சிகிச்சையின் முக்கியத்துவம் இங்குதான் உள்ளது. செல்வந்த நாடுகளுக்கு வெளியிலும் இத்தகைய ஆய்வை நடத்தி நிறைவேற்ற இயலும் என்பதை அது காட்டியது.

நம் சமூகங்களின் பங்கும் இதில் உண்டு. மகனுக்குக் குருதி நிற்கவில்லை என்பதை வெளியே சொன்னால் மகளின் திருமணம் தடைப்படும் என அஞ்சும் குடும்பங்கள், நோயைப் பதிவேடுகளிலிருந்து மறைத்து விடுகின்றன. பதிவில் இல்லாத நோயாளிக்கு அரசின் மருந்தும் கிட்டாது, ஆய்வின் பயனும் கிட்டாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பெயரறியா அக்கிராமத்து ஆண்கள் தம் இழப்புகளை வெட்கமின்றி ஒரு வைத்தியரிடம் எடுத்துரைத்தனர். அவரும் தம் அறியாமையை வெட்கமின்றி எழுதினார். அவ்விரு வாய்மைகளும் இணைந்தமையாலேயே அக்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. ஈறு கசிந்து இறந்த அச்சிறுவனுக்கு அஸ்ஸஹ்ராவியிடம் நிவாரணம் இருக்கவில்லை. இன்று அது இருக்கின்றது. அது அவனைப் போன்ற ஏழைச் சிறுவனைச் சென்றடையுமா என்பது நம் தலைமுறையிடம் விடப்பட்டுள்ள வினா. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.